தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது 2017-ஆம் ஆண்டு சென்னையில் உருவாக்கப்பட்ட தமிழ் இசைக்குழு ஆகும். 'சாதியற்ற கூட்டணி' என்று இப்பெயரைத் தமிழில் கூறலாம். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து இக்குழுவை உருவாக்கினர். வடசென்னையின் கானா, பறை முதலிய தோற்கருவிகளின் முழக்கம், ராக் இசை, ராப் ஆகிய நான்கையும் ஒரே மேடையில் சேர்த்து, சாதி ஒழிப்பைப் பாடுபொருளாகக் கொண்டது இதன் தனித்தன்மை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இக்குழுவின் முதல் பொது நிகழ்ச்சி நடைபெற்றது.

மேலை நாடுகளில் 1970-களில் தோன்றிய பங்க், ஹார்ட்கோர் பங்க் இசைக்குழுக்கள் கோபத்தை இசையாக்கி, மேடை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எழுப்பின. தமிழ்நாட்டில் அக்கேள்வியை உரத்த குரலில் கேட்ட இசைக்குழு எது என்று தேடினால் முதலில் நினைவுக்கு வருவது இக்குழுவே. ஆனால் இங்கே கேள்வி இன்னும் கடினமானது. மேலை நாட்டு இளைஞர் கையில் எடுத்த கிட்டாரைத் தீட்டு என்று எவரும் சொல்லவில்லை. இங்கோ கருவியே தீட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே இக்குழுவின் வரலாறு சில பாடல்களின் வரலாறு மட்டுமன்று. சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட இசை அரங்கின் நடுவுக்கு வந்த வரலாறும் ஆகும்.

பெயரின் பின்னணி

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதன் வேர் தமிழ்நாட்டு வரலாற்றில் உள்ளது. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) பயன்படுத்திய 'சாதியற்றவர்' என்னும் கருத்தாக்கத்திலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது.

அயோத்திதாசரின் இயற்பெயர் காத்தவராயன். சித்த மருத்துவராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய அவர், தம் இளமைக் காலத்தின் ஒரு பகுதியை நீலகிரியில் கழித்தார். 1870-களில் அங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். ஆங்கிலேய ஆட்சியில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறத் தொடங்கியபோது, ஒவ்வொருவரும் தம் சாதியைப் பதிய வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் இழிவாக வழங்கப்பட்ட பெயர்களை ஏற்காமல், தம்மைச் சாதியற்ற திராவிடர் என்று பதிவு செய்ய வேண்டும் என அயோத்திதாசர் 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வலியுறுத்தினார். அதே ஆண்டில் திராவிட மகாஜன சபையை அமைத்து, டிசம்பர் மாதம் உதகமண்டலத்தில் அதன் மாநாட்டை நடத்தினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார்.

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சாதியற்றவர்' என்பது 'எனக்குச் சாதி தெரியாது' என்று நழுவும் சொல் அன்று. சாதி என்னும் ஏணியில் எந்தப் படியிலும் நிற்க மறுக்கிறேன் என்று அரசாங்கத்தின் ஏட்டிலேயே எழுதச் சொன்ன அறிவிப்பு அது. ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பிறகு அச்சொல்லை ஓர் இசைக்குழு தன் பெயராக்கிக்கொண்டது. அதனால் குழுவின் பெயரைக் கேட்பவர் அயோத்திதாசர் யார் என்று தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. பாடநூலில் சில வரிகளாக இருந்த ஒருவர் இவ்வாறு இளைஞர் நடுவே மீண்டும் பேசப்பட்டார்.

குழு உருவான காலம்

2016, 2017 ஆகிய ஆண்டுகள் தமிழ்நாட்டில் கொந்தளிப்பான ஆண்டுகளாக இருந்தன. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் மரணம் நாடெங்கும் மாணவர்களை உலுக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் கொங்கு நாட்டின் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்துகொண்ட இளம் இணையர் பட்டப்பகலில் தாக்கப்பட்டு, கணவர் உயிரிழந்தார். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுப் போராட்டம் சென்னை மெரினாவை நிரப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதாவின் மரணம் இடஒதுக்கீடு, நுழைவுத் தேர்வு பற்றிய விவாதத்தை வீட்டுத் திண்ணைவரை கொண்டு சென்றது.

திரைத்துறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014), 'கபாலி' (2016) ஆகிய படங்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்களுடைய கண்ணோட்டத்திலிருந்து காட்டின. சந்தோஷ் நாராயணனின் இசையில் கானா அப்படங்களில் நகைச்சுவைக்கான இடைச்செருகலாக நிற்காமல் கதையின் குரலாக ஒலித்தது. இந்நிலையில் திரைப்படத்தைச் சாராத ஓர் இசைக்குழுவை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது.

டென்மா அதற்கு முன்பே சென்னையின் சுயாதீன இசைத்துறையில் இயங்கியவர். கபேர் வாசுகியுடன் சேர்ந்து 'குரங்கன்' என்னும் இசைக்குழுவை நடத்தியவர். அவரும் நீலம் பண்பாட்டு மையமும் குரல் தேர்வு நடத்தி, கானாப் பாடகர்களையும் கருவியிசைக் கலைஞர்களையும் திரட்டினர். தொடக்கத்தில் குழுவில் 19 பேர் இருந்தனர். முத்து, பாலசந்தர், இசைவாணி, செல்லமுத்து, தரணி ஆகியோர் கானாப் பாடகர்களாகவும், அறிவு ராப் பாடகராகவும் இடம்பெற்றனர். மும்பை தாராவியின் தமிழ் ராப் குழுவான டோப்படெலிக்ஸ் கலைஞர்களும் உடனிருந்தனர். கிட்டார், டிரம்ஸ் வாசிப்போரும் பறை, சட்டி, கட்டமோளம் வாசிப்போரும் ஒரே வரிசையில் நின்றனர்.

கானாவும் தோற்கருவிகளும்

குழுவின் இசையைப் புரிந்துகொள்ள, அதில் சேர்ந்த கூறுகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிதல் வேண்டும்.

கானா என்பது இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய வடசென்னைப் பகுதிகளில் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு வடிவம். பாட்டு என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லோடு இதன் பெயரைத் தொடர்புபடுத்துவர். ஒருவர் இறந்த வீட்டில் இரவு முழுவதும் உறவினரும் நண்பரும் விழித்திருக்கும்போது, இறந்தவரின் வாழ்வையும் வாழ்க்கையின் நிலையாமையையும் பாடுவது மரண கானா. காதல், நட்பு, ஊர்க்கதை, கிண்டல் ஆகியனவும் கானாவின் பொருள்களாகும். எழுதிவைத்துப் பாடுவதைவிட, கேட்பவரைப் பார்த்து அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவதே கானாப் பாடகரின் திறமைக்கு அளவுகோல். 1990-களில் தேவாவின் இசை வழியாகக் கானா திரையில் பரவியது. எனினும் அதைத் தோற்றுவித்த தெருக்களுக்கு மரியாதை அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

பறை தமிழரின் மிகப் பழைய தோற்கருவிகளுள் ஒன்று. தொல்காப்பியம் ஐந்நிலங்களின் கருப்பொருள்களுள் பறையையும் குறிப்பிடுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்பது இலக்கண மாணவர் அறிந்ததே. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சி விறைப்பேற்றி, நீண்டு மெலிந்த ஒரு குச்சியாலும் குட்டையான ஒரு குச்சியாலும் அடிப்பது இதன் முறை. ஒரு காலத்தில் எல்லா நிலத்துக்கும் உரிய கருவியாக இருந்தது பிற்காலத்தில் சாவுக்கு மட்டும் உரியதாகவும், அதை அடிப்பது ஒரு சாதியாரின் கட்டாய ஊழியமாகவும் ஆக்கப்பட்டது. கருவிக்கும் இழிவு, கருவியைத் தொட்டவர்க்கும் இழிவு என்ற நிலை ஏற்பட்டது. இதனால் பறையடிக்க மறுப்பதே விடுதலை என்று ஒரு தலைமுறை போராடியது. பறையை நம் விருப்பத்தால், நம் மேடையில் அடிப்போம் என்று அடுத்த தலைமுறை முன்வந்தது. இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினாலும் நோக்கம் ஒன்றே. கட்டாயத்தை மறுப்பது முதற்படி. கலையை மீட்பது அடுத்த படி.

சட்டி, கட்டமோளம் ஆகியவை சென்னையின் இறுதி ஊர்வலங்களில் ஒலிப்பவை. சட்டி கூர்மையான, விரைந்த ஒலியைத் தருவது. கட்டமோளம் அடியிலிருந்து எழும் கனத்த ஒலியைத் தருவது. இவ்விரண்டும் சேரும்போது கால்கள் தாமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைத்தான் 'சாவுக் குத்து' என்று பலரும் ஏளனமாகச் சொல்லிவந்தனர்.

இசை அமைப்பு முறை

இக்கூறுகளை ஒன்றிணைப்பது எளிதான செயல் அன்று. ராக் இசையில் தாள வேகம் முதலிலிருந்து இறுதிவரை ஒரே அளவில் செல்வது வழக்கம். கானாப் பாடகரோ உணர்ச்சிக்கு ஏற்ப இழுத்தும் விரைந்தும் பாடுவார். கிட்டாருக்குச் சுருதி நிலையானது. பறையின் ஒலியோ காற்றின் ஈரத்துக்கேற்ப மாறும். மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டும். மின்பெருக்கியில் ஒலிக்கும் கருவியும் வெறும் தோலில் ஒலிக்கும் கருவியும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இக்குழு எடுத்துக்கொண்ட வழி, தோற்கருவிகளை அலங்காரமாகப் பின்னால் நிறுத்தாமல் பாட்டின் முதுகெலும்பாக வைப்பது. கிட்டார் பல இடங்களில் தாளத்துக்குத் துணை செய்கிறது. பாடல் வரியைக் கானாப் பாடகர் ஒருவர் தொடங்க, குழுவினர் அனைவரும் சேர்ந்து பதிலுரைக்கின்றனர். வயல்வேலைப் பாட்டிலும் கும்மியிலும் உள்ள இந்த 'ஒருவர் பாட, மற்றவர் ஏற்க' என்னும் முறை இங்கே கூட்டத்தினரையும் பாட வைக்கிறது. நடுவே ராப் வரும்போது பேச்சு மொழி அப்படியே தாளத்தில் ஏறுகிறது. பாடல்களின் மொழி வடசென்னைப் பேச்சுத் தமிழ். அந்தத் தமிழைக் கொச்சை என்று திருத்தாமல் மேடையில் வைத்ததும் குழுவின் நிலைப்பாடுகளுள் ஒன்றாகும்.

முதல் நிகழ்ச்சியும் பாடல்களும்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பள்ளி மைதானம் ஒன்றில் நடந்த முதல் நிகழ்ச்சிக்குத் திரளான மக்கள் வந்தனர். டிசம்பர், ஜனவரி மாதங்கள் சென்னையில் மார்கழி இசை விழாக் காலம். சபாக்களில் கருநாடக இசைக் கச்சேரிகள் நடக்கும் அதே பருவத்தில், அதே நகரில், கானாவும் பறையும் பொது மேடை ஏறின. கலைஞர்கள் ஒரே வகையான கோட்டும் சூட்டும் அணிந்து வந்தனர். கானாப் பாடகர் என்றால் லுங்கியும் கழுத்தில் கைக்குட்டையும் என்று திரைப்படம் பழக்கியிருந்த கண்களுக்கு அது புதிய காட்சி. அந்த உடை அண்ணல் அம்பேத்கரின் தோற்றத்தையும் பலருக்கு நினைவூட்டியது.

இடஒதுக்கீடு ஏன் தேவை என்பதை விளக்கும் 'கோட்டா', அம்பேத்கரைப் போற்றும் 'ஜெய்பீம் ஆந்தம்', வடசென்னை வாழ்வைச் சொல்லும் பாடல்கள், உணவின் அரசியலைப் பேசும் மாட்டுக்கறிப் பாடல் ஆகியவை குழுவின் அறியப்பட்ட படைப்புகள். குழுவின் பாடல்தொகுப்பு 'மகிழ்ச்சி' என்னும் பெயரில் 2018-இல் வெளிவந்தது. பெண்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமையைப் பேசி இசைவாணி பாடிய பாடல் பாராட்டையும் கடும் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்றது.

'கோட்டா' போன்ற பாடலின் பயன் என்ன என்று கேட்கலாம். இடஒதுக்கீடு பற்றிய பேச்சு கல்லூரி விடுதியில் பெரும்பாலும் குத்தலாகவே எழும். அதை எதிர்கொள்ளும் முதல் தலைமுறை மாணவருக்குப் புள்ளிவிவரம் தெரிந்திருந்தாலும் பதில் சொல்ல நா எழாது. ஒரு பாட்டு அவருக்குச் சொற்களைத் தருகிறது. அதைத் தனியாக அல்ல, பலரோடு சேர்ந்து உரக்கச் சொல்லும் துணிவையும் தருகிறது.

முன்னோடிகள்

இக்குழு வெற்றிடத்திலிருந்து தோன்றவில்லை. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமை கவிஞர் இன்குலாபின் பாடலாயிற்று. அப்பாடலை ஊர்தோறும் பாடிப் பரப்பியவர் முனைவர் கே. ஏ. குணசேகரன். 'தன்னானே' கலைக்குழு வழியாக நாட்டுப்புற இசையை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு, ஆண்களுக்கு மட்டும் உரியது எனக் கருதப்பட்ட தப்பாட்டத்தைப் பெண்களின் கைகளில் கொடுத்தது. சென்னையில் புத்தர் கலைக்குழு பறையை இளைஞர்க்குப் பயிற்றுவித்தது. 2015-இல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் மற்றவரும் சேர்ந்து சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, மீனவர் குடியிருப்பில் பல்வகைக் கலைகளையும் ஒரே மேடையில் வைத்தது.

பிற மாநிலங்களிலும் இவ்வழியே சென்றோர் உண்டு. மராட்டியத்தில் அம்பேத்கரிய ஷாகிர்களின் பாட்டு மரபு நெடியது. புனேயின் கபீர் கலா மஞ்ச் 2000-களில் அதைத் தொடர்ந்தது. பஞ்சாபின் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி மிக இளம் வயதிலேயே அம்பேத்கரையும் குரு ரவிதாசரையும் பாடிப் புகழ்பெற்றார். இவ்வரிசையில் சென்னைக் குழு சேர்த்தது, பெருநகர இளைஞர் கேட்கும் ராக், ராப் ஆகியவற்றின் ஓசையை.

உலக எதிர்ப்பிசை மரபில் இடம்

உலக அளவில் இக்குழுவை எதனோடு ஒப்பிடலாம்? 1970-களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் இசை தோன்றியது. நீண்ட இசைப்பயிற்சியும் விலையுயர்ந்த கருவியும் இல்லாதவரும் இசைக்கலாம் என்பது அதன் கொள்கை. லண்டனில் 1976-இல் தொடங்கிய 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம், 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் பெரும் கூட்டத்தைத் திரட்டியது. அங்கே பங்க் குழுவினரும் ஜமைக்கா நாட்டு ரெகே இசை வாசித்தோரும் ஒரே மேடையில் ஏறினர்.

அமெரிக்காவில் பங்க் இன்னும் விரைவாகவும் சுருக்கமாகவும் உரத்ததாகவும் மாறியபோது அதற்கு ஹார்ட்கோர் என்று பெயர் வந்தது. கனடாவின் டி.ஓ.ஏ. குழு 1981-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு அப்பெயரைப் பரப்பியது. அத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான பேட் பிரெய்ன்ஸ், வாஷிங்டன் நகரில் நான்கு கறுப்பின இளைஞர்கள் அமைத்த குழு. முதலில் ஜாஸ் கலந்த இசையை வாசித்த அவர்கள் 1977 அளவில் பங்கிற்கு மாறினர். 1982-இல் ஒலிநாடாவாக வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில், மின்னல் வேகப் பாடல்களுக்கு நடுவே நிதானமான ரெகே பாடல்களும் இருந்தன. வெள்ளையர் மிகுந்திருந்த ஒரு இசைத்துறையின் இலக்கணத்தையே கறுப்பினக் கலைஞர்கள் வகுத்தார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அதே நகரில் 1980-இல் தொடங்கிய மைனர் திரெட் குழுவினர், பெரிய நிறுவனங்களை நாடாமல் டிஸ்கார்ட் என்னும் தங்கள் வெளியீட்டகத்தின் வழியே இசைத்தட்டுகளைத் தாமே வெளியிட்டனர்.

இரு மரபுகளுக்கும் ஒற்றுமைகள் தெளிவானவை. இருவகை இசையும் வெளியே தள்ளப்பட்டவரின் குரல். இரண்டிலும் கேட்பவர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. இரண்டும் இனிமையைவிட உண்மையை முதலில் வைக்கின்றன. வேற்றுமைகளும் உண்டு. ஹார்ட்கோர் குழுக்கள் பெரும்பாலும் முந்தைய தலைமுறையின் இசையை உதறின. சென்னைக் குழுவோ தாத்தா பாட்டியின் இசையை மீட்டெடுத்தது. ஹார்ட்கோர் குழுக்கள் சிறு அரங்குகளையும் சொந்தச் சேமிப்பையும் நம்பின. சென்னைக் குழுவுக்குப் புகழ்பெற்ற இயக்குநர் ஒருவரின் அமைப்பு துணைநின்றது.

தாக்கம்

குழுவின் தாக்கத்தை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, கலைஞர்களின் வளர்ச்சி. இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவில் பெண் குரலாக அறியப்பட்டு, 2020-ஆம் ஆண்டின் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2018-இல் 'காலா' படத்துக்குப் பாடல் எழுதினார். 2019-இல் 'தெருக்குரல்' என்னும் ராப் தொகுப்பை வெளியிட்டார். டென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார்.

இரண்டாவது, பாடுபொருளின் பரவல். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். குலவையும் ஒப்பாரியும் கலந்த அப்பாடல் உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து நிலமின்றித் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையை அறிவு அப்பாடலில் நினைவுகூர்ந்தார். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் திரும்பிய குடும்பங்கள் பல நீலகிரியில் குடியமர்த்தப்பட்டவை என்பதால், இப்பாடலின் பொருள் நமக்கு மிக அருகில் உள்ளது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் இப்பாடலின் தொடர்பில் அறிவின் படம் இடம்பெறாதது பெரும் விவாதமாயிற்று. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். கலை ஏற்கப்பட்ட பின்னும் கலைஞரின் பெயர் விடுபடலாம் என்பதை அவ்விவாதம் பலருக்கும் உணர்த்தியது.

மூன்றாவது, மேடைகளின் பெருக்கம். நீலம் பண்பாட்டு மையம் 2018 டிசம்பரில் வானம் கலைத் திருவிழாவை நடத்தியது. 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' விழாவை நடத்திவருகிறது. 2021-இல் இவ்விழா மதுரை, கோவை, சென்னை ஆகிய ஊர்களில் நடைபெற்றது. பறை, ஒப்பாரி, கானா முதலியவற்றின் கலைஞர்கள் கூலிக்காரராக அன்றி, பெயர் அறிவிக்கப்பட்ட கலைஞராக மேடையேறினர்.

கொங்கு நாட்டில் பொருத்தம்

கானா பிறந்த தெருக்களுக்கும் காரமடைக்கும் ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் இக்குழு எழுப்பிய கேள்விகள் இங்கும் பொருந்தும். கொங்கு நாட்டுக்கும் சொந்தமாகத் தோற்கருவி இசை உண்டு. கோவை, திருப்பூர்ப் பக்கம் ஜமாப் இல்லாத நோம்பி குறைவு. காரமடை அரங்கநாதர் கோயில் மாசித் தேர்த் திருவிழாவில் தாசர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவைக்குத் தாரை, தப்பட்டை முழக்கமே உயிர். விழாவுக்கு இன்றியமையாத ஒலி அது. ஆனால் அதை எழுப்புவோரின் பெயர் எத்தனை அழைப்பிதழில் அச்சாகிறது என்று மாணவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

மாற்றமும் நிகழ்ந்துள்ளது. காரமடை வட்டாரத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியில் பெண்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தவர் அவர். அலங்காநல்லூர் பறையிசை ஆசான் வேலு 2025-இல் அதே விருதுக்குத் தெரிவு செய்யப்பட்டார். பள்ளி, கல்லூரி விழாக்களில் பறை இப்போது வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் காசு கொடுத்துப் பறை கற்கின்றனர். ஆனால் அதே ஊரில் அப்பா பறையடிப்பார் என்று சொல்லக் கூசும் பிள்ளை இருந்தால், கருவி மட்டுமே மதிப்புப் பெற்றிருக்கிறது, கருவிக்காரர் பெறவில்லை என்று பொருள்.

விமர்சனங்கள்

குழுவின்மீது பலவகை விமர்சனங்கள் உண்டு. சாதி ஒழிய வேண்டும் என்போர் சாதியைப் பற்றியே பாடலாமா என்பது ஒன்று. நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கொடுக்க இயலாது என்பது இதற்கு ஆதரவாளர் தரும் விடை. பாட்டின் அழகைக் கருத்து விழுங்கிவிடுகிறது என்பது மற்றொன்று. சில பாடல்களுக்கு இது பொருந்தலாம். ஆயின் நேரடி நிகழ்ச்சியில் கேட்பதற்கும் பதிவில் கேட்பதற்கும் வேறுபாடு பெரிது. திரைப்படப் புகழைச் சார்ந்த குழு என்பதும், ஒடுக்கப்பட்டோர் குரல் எனப்படும் குழுவில் தொடக்கத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் இருந்தார் என்பதும் சிந்திக்க வேண்டிய குறைகள். அந்த ஒருவர் நின்றதே கானா மேடையில் ஒரு புதுமையாக இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாணவர்க்கான கேட்கும் முறை

இக்குழுவின் பாடல்களை முதன்முறை கேட்போர் சொற்களை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் கேட்கலாம். எந்த இடத்தில் டிரம்ஸ், எந்த இடத்தில் பறை, எங்கே சட்டி என்று பிரித்தறிய முயலலாம். இரண்டாம் முறை சொற்களைக் கேட்டு, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்கலாம். மூன்றாம் முறை, ஒருவர் பாடுவதும் கூட்டம் ஏற்பதும் எங்கெங்கே வருகின்றன என்று குறிக்கலாம். பின்னர் தம் ஊரின் தோற்கருவிக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய கருவியின் பெயர், செய்யும் முறை, அடிகளின் பெயர்கள், கற்றுத்தந்தவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். கலைஞரின் பெயரை முதல் வரியில் எழுத வேண்டும். எந்தச் சாதி என்று கேட்கத் தேவையில்லை. இதற்கெனத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. அழிந்துவரும் அடிகள் பல இன்று ஒரு சிலரின் விரல்களில் மட்டுமே உள்ளன.